முனியம்மாவுக்கு நான் கொடுத்த பழைய மாத்திரை

ராயக்கோட்டையில் என் உரக்கடையில் தேதி முடிந்த பூச்சிமருந்து ஒரு பாட்டில்கூட இருக்காது. தக்காளிச் செடி கருகினால் விவசாயி மறுநாளே வந்து சட்டையைப் பிடிப்பார்.

அதே நான்தான், எங்கள் கடையில் வேலை செய்யும் முனியம்மா காலில் ஆணி குத்தியபோது, என் பல்வலிக்கு டாக்டர் எழுதியதில் மிஞ்சிய மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தேன்.

"தேதி முடிஞ்சு ஏழு மாசம் ஆயிருக்குதேண்ணா."

"அதெல்லாம் புதுசு விக்கறதுக்கு கம்பெனிக்காரன் போடறது. முழுங்கு."

நான்கு நாள் முழுங்கினார். வீக்கம் முழங்கால் வரை ஏறியது. இன்று காலை ஓசூருக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும். யாரும்மா இதைக் கொடுத்தது?"

முனியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "வூட்ல கெடந்துச்சுங்க சார். நானேதான் போட்டுக்கினேன்."

திட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

"நல்லவேளை, உன் முதலாளி கூட்டியாந்தாரு. இந்தக் காலத்துல யார் இப்படிச் செய்யறாங்க?" என்றார் டாக்டர். அதற்கும் தலையாட்டினேன்.

நாளை போய் அந்த டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். தனியாகப் போகத் தைரியம் இல்லை. துணைக்கு யார் வருகிறீர்கள்?