ஆறாயிரத்து நூற்றைம்பது மல்லாட்டை

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம் திண்டிவனத்தில் புதிதாக ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடை திறந்தார்கள். திறந்துவைக்க ஒரு நடிகை வருவதாகப் பேச்சு இருந்தது. கடைசியில் வந்தது ஒரு கண்ணாடி ஜாடிதான். ஒரு சின்னக் குடம் அளவுக்கு இருந்த அதை வாசலில் மேஜை போட்டு வைத்து, வாய்வரை தோல் உரிக்காத மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, நிரப்பியிருந்தார்கள். உள்ளே எத்தனை காய் என்று சொல்ல வேண்டும். சரியாகவோ சரிக்கு மிக அருகிலோ சொல்பவருக்கு இரண்டு கதவு ஃப்ரிட்ஜ்.

ஃப்ரிட்ஜ் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. அப்பா பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார், வாரம் ஒருமுறைதான் வருவார். அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்றார். எங்கள் ஊர் பிரம்மதேசம் போகும் சாலையில் இருக்கிறது. நாற்பது வீடு இருக்கும், பாதி வீட்டுக்கு அம்மாவின் மாவுதான். சித்திரை, வைகாசியில் காலையில் அரைத்த மாவு மதியத்துக்குள் பொங்கிப் புளித்து நிற்கும். மிஞ்சிய மாவை மாட்டுத் தொட்டியில் ஊற்றும்போது அம்மா மாட்டைப் பார்க்கவே மாட்டார்.

போட்டிக்குச் சட்டதிட்டம் இருந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு. எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. இரண்டு பேர் ஒரே எண்ணை எழுதி ஜெயித்தால் குலுக்கல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லார் முன்னாலும் ஜாடியைக் கவிழ்த்து எண்ணுவார்கள்.

எங்கள் ஊர் ஷேர் ஆட்டோக்காரர் ஒரு கட்டுச் சீட்டை வாங்கிவந்து வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டார். 'எழுத்தால்' என்ற இடத்தில்தான் எல்லாரும் தடுக்கி விழுந்தார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். அதனால் சீட்டுகள் எல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தன. திருத்தக் கூடாது என்பதால் ஒவ்வொருவர் சொன்ன எண்ணையும் முதலில் ரஃப் நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டேன். வியாழக்கிழமை முழுக்க அதே வேலை. ஆட்டோக்காரர் மூவாயிரம் என்றார். பால்காரம்மா தொள்ளாயிரம் என்றார். டீக்கடைக்காரர் யோசிக்காமல் பத்தாயிரம் என்றார். அவருக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும். அம்மா மூவாயிரத்து எண்ணூறு. நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஜாடியை மூன்று நாள் முறைத்துப் பார்த்துவிட்டு நாலாயிரத்து முந்நூறு என்று வைத்துக்கொண்டேன். அடுத்த வீட்டு அத்தை, அப்பாவின் அக்கா, ரொம்ப நேரம் விரல் விட்டுக் கணக்குப் பார்த்து, “நாலாயிரம். ஒண்ணு கூடவும் போடாத, கொறைக்கவும் கொறைக்காத” என்றார்.

வெள்ளிக்கிழமை மாமா வந்தார்.

மாமா அம்மாவின் அண்ணன். திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் ஒரு வியாபாரிக்குக் காய் பார்த்துச் சொல்லும் வேலை. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுப்பார். நாலு காயை உடைப்பார். பருப்பை உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதுவார். மூட்டைக்கு எத்தனை கிலோ பருப்பு தேறும் என்று சொல்லிவிடுவார். மிஷினில் போட்டால் அவர் சொன்னதுதான் வரும். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் அவர் வாக்குதான் வாக்கு. அத்தைக்கு மட்டும் அவர் ஆகாது. ஒருமுறை அத்தையின் மூட்டையைப் பார்த்துவிட்டு, “காய்ல ஈரம் கீது” என்று பத்து பேர் எதிரில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அத்தை அவரோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை என் அம்மாவிடம், “உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு” என்று அவர் காதில் விழும்படியே சொல்வார்.

மாமா காபியைக் கையில் வாங்குவதற்குள் அம்மா ஜாடியைப் பற்றிக் கேட்டுவிட்டார்.

“பாத்தேன் பாத்தேன். நாலு கிலோ இருக்கும்” என்றார் மாமா.

“கிலோ இல்லண்ணா, எத்தினி காய்?”

“அத்த யாரு எண்ணிக்கினு இருந்தாங்க? எனக்கு எடைதாம்மா தெரியும்.”

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். தெரிந்தவர்கள் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்பது அந்தச் சிரிப்புக்குப் பொருள். மாமா எவ்வளவுக்கெவ்வளவு தெரியாது என்றாரோ அவ்வளவுக்கவ்வளவு அம்மாவுக்கு நம்பிக்கை கூடியது. பால்காரம்மாவும் வந்து வாசலில் நின்றுகொண்டார். ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிவந்தார். ஆறேழு பேர் சுற்றி நின்று ஒரு மனிதரின் வாயைப் பார்த்தால் அவரும் என்னதான் செய்வார்? காபி ஆறிக்கொண்டிருந்தது. மாமா மேலே பார்த்தார். “கிலோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு காய் நிக்கும்னு வெச்சாக்கா… ஆறாயிரம். போட்டுக்கோ, ஆறாயிரத்து நூத்தம்பது.”

அந்த நூற்றைம்பதுதான் எல்லாரையும் வீழ்த்தியது. வெறும் ஆறாயிரம் என்றிருந்தால் குத்துமதிப்பு என்று நினைத்திருப்பார்கள். நூற்றைம்பது ஒட்டிக்கொண்டதும் அது கணக்காகிவிட்டது.

அம்மா முதலில் மாற்றினார். அம்மாவைப் பார்த்துப் பால்காரம்மா. இரண்டு பேர் மாறியதும் ஆட்டோக்காரரும் மாறினார். என் ரப்பர் தேயத் தொடங்கியது. எல்லாரும் ஒரே எண்ணைப் போட்டால் குலுக்கல் அல்லவா என்று ஒருவர் சந்தேகம் எழுப்பினார். “குலுக்கினாலும் நம்ம ஊருக்குத்தானே வரும்!” என்று ஆட்டோக்காரர் அதை முடித்துவைத்தார். மறுநாள் காலையில் பிரம்மதேசம் பக்கத்திலிருந்துகூட இரண்டு பேர் சைக்கிளில் வந்து, “கமிட்டிக்காரர் சொன்ன நம்பர் இன்னாம்மா?” என்று கேட்டுப் போனார்கள். என்னுடைய நாலாயிரத்து முந்நூற்றை நானே அழித்தேன். யாரும் சொல்லவில்லை. எல்லாரும் மாறியபின் அந்த எண்ணைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை நானும் மாமாவும் டீக்கடைக்குப் போனபோது கடைக்காரர் ரகசியமாகக் குனிந்து சொன்னார்: “விசியம் தெரியுமா? ஆறாயிரத்துக்கு மேலன்னு கடைக்குள்ளேர்ந்தே நியூஸ் கசிஞ்சி போச்சாம். திண்டிவனம் பூராவும் அதே பேச்சு.”

மாமா டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ஆறாயிரத்துக்கு மேலயா? அங்கேயே சொன்னாங்களா?” என்று இருமுறை கேட்டார். நேற்றுவரை அவர் முகத்திலிருந்த குழப்பம் அப்போதுதான் கலைந்தது. தான் விட்ட சொல்லே ஊரைச் சுற்றிவிட்டுத் தன்னிடம் திரும்பி வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும், “எனக்கும் ஒரு சீட்டு எழுதும்மா” என்றார். அதுவரை அவர் தனக்கென்று சீட்டு கேட்கவே இல்லை.

மாறாதவர் அத்தை ஒருவர்தான் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து, மாமா காதில் விழும்படி அம்மாவிடம், “உங்க அண்ணன் ஆறாயிரம்னா அது ரெண்டாயிரந்தான் இருக்கும்” என்றார். என்னிடம் திரும்பி, “என்னுது அழிச்சிட்டு ரெண்டாயிரம்னு போடு” என்றார். நாலாயிரத்தையும் அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே திண்டிவனத்தில் இறங்கியது. கடை வாசலில் வெள்ளைத் துணி விரித்து ஜாடியைக் கவிழ்த்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் சுற்றி உட்கார்ந்து பத்துப் பத்தாகக் குவித்தோம். மைக்காரர் ஒவ்வொரு நூற்றுக்கும் ஒரு சத்தம் போட்டார். இரண்டாயிரம் தாண்டியபோது அத்தை முந்தானையை உதறிக்கொண்டு, “கூட்டமா கீது, வெயிலு வேற” என்று ஓரமாகப் போய்விட்டார். மூவாயிரம் வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். மூவாயிரத்து ஐந்நூறு வந்தபோது எண்ணாத காய் குறைந்து துணியில் வெள்ளை அதிகமாகத் தெரிய ஆரம்பித்தது. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாயிரத்து எண்பத்தாறு. அதோடு முடிந்தது.

பிறகு மைக்காரர் சீட்டுகளைப் படித்தார். “ஆறாயிரத்து நூற்றைம்பது… ஆறாயிரத்து நூற்றைம்பது… இதுவும் ஆறாயிரத்து நூற்றைம்பது… இன்னா சார் இது, ஒரே கையெழுத்தா வேற கீது!” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் ஒரு வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றேன்.

ஜெயித்தவர் விழுப்புரத்து நர்ஸ் ஒருவர். பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் தனியாக வந்து நாலாயிரத்து நூறு என்று எழுதிப் போட்டுவிட்டுப் போனவர். மைக்காரர் அவருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். “ஃப்ரிட்ஜ் விழுந்திருக்குதுங்க மேடம்” என்றதும் அவர், “எனக்கு லோனெல்லாம் வேணாங்க” என்று வைத்துவிட்டார். மூன்றாவது முறைதான் நம்பினார்.

அத்தை முதலில் சொன்ன எண்ணிலேயே நின்றிருந்தால் ஊரில் அவர்தான் நெருக்கமாக வந்திருப்பார். அம்மாவும் நானும் அடுத்து. நர்ஸை யாரும் முந்தியிருக்க முடியாது, ஆனால் அடுத்து நெருங்கி வந்த பத்து பேருக்கு ஆறுதல் பரிசாக ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். எங்கள் ஊருக்கு ஒன்றுகூட வரவில்லை. ஃப்ரிட்ஜ் எங்கள் வீட்டுக்கு வர இன்னும் இரண்டு கோடை ஆனது.

மாமாமேல் கோபப்படுவார்கள் என்று பயந்தேன். யாரும் படவில்லை. ஆட்டோக்காரர் கடைக்காரரிடம் கேட்டு, கொட்டிய காயைத் தராசில் போட வைத்தார். நாலு கிலோவும் கொஞ்சமும் இருந்தது. “பாத்தீங்களா! எடை கரெக்டா சொன்னாரு!” என்று அவர் கத்த, ஊர் முழுக்கத் தலையாட்டியது. காய்தான் சரியில்லையாம். நம்ம ஊர்க் காயாக இருந்தால் கிலோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு கட்டாயம் நிற்குமாம். பஸ் நிலையம் போவதற்குள் மாமா சொன்னது சரி, ஜாடிதான் தப்பு என்று ஆகிவிட்டது. அம்மா திடீரென்று சிரித்துவிட்டு, மாமாவுக்கும் சேர்த்து ஐஸ் வாங்கினார்.

பஸ்ஸில் நான் மாமா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“நீ மொதல்ல எத்தினி போட்ட?” என்று கேட்டார்.

“நாலாயிரத்து முந்நூறு.”

“அப்புறம் ஏன் மாத்தின?”

“நீங்க சொன்னீங்களே மாமா.”

அவர் ஐஸ் குச்சியை ஜன்னலுக்கு வெளியே போட்டார். “நான் ஏன் சொன்னேன்னு கேளேன். நீங்கல்லாம் கேட்டீங்க, அதான்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

எங்கள் நிறுத்தத்தில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மேலண்டைக் காட்டுக்காரர்கள், ஊருக்கு மேற்கே நிலம் வைத்திருப்பவர்கள். வடக்கே வானம் கறுத்திருந்தது. மல்லாட்டைச் செடி முக்கால் முற்றி நிற்கிறது. இப்போதே பிடுங்கினால் பருப்பு சுருங்கும். விட்டுவைத்து மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும்.

“புடுங்கிடலாங்களா, இல்ல ஒரு வாரம் உடலாங்களா?” என்று மூவரில் பெரியவர் கேட்டார். “நீங்க இன்னா சொல்றீங்களோ அதாங்க.”

“எனக்கு மழயப் பத்தி இன்னாப்பா தெரியும்?” என்றார் மாமா.

மூன்று பேரும் சிரித்தார்கள், அம்மா அன்றைக்குச் சிரித்தது போலவே. சிரித்துவிட்டு அங்கேயே நின்றார்கள். மாமா வானத்தைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், மறுபடி வானத்தைப் பார்த்தார்.

திண்டிவனத்தில் அவ்வளவு நடந்த பிறகும் என் மாமாவைக் கேட்காமல் இந்த ஊரில் ஒரு செடியைக்கூடப் பிடுங்க மாட்டார்கள் என்று எனக்குத் தாங்க முடியாத பெருமை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை நன்றாக வியர்த்திருந்தது. பஸ்ஸில் கூட்டம், புழுக்கம், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.