பாய் வெளியே வரும் மாதம்

வளைகுடாப் பாலைவனத்தில் வெயில் தணிந்துவிட்டது என்று சென்னைக்குப் பக்கத்தில் முடிச்சூரில் இருந்த எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அப்பா அங்கே கட்டடங்களுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கோடை முழுக்க, லீவு நாளான வெள்ளிக்கிழமைகளில் குரல் மட்டும்தான் வரும். தொழிலாளர் கேம்ப்பில் ஏசி ஓடும் இருட்டறையில் எட்டுப் பேர், பாதிப் பேர் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர்கள். குசுகுசுவென்று நாலு வார்த்தை பேசி வைத்துவிடுவார். ஐப்பசி நெருங்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வீடியோ கால் வரும். பாயை எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் மணலும் ஒரு தண்ணீர் லாரியும் தவிர ஒன்றும் தெரியாது.

"இதை இலையுதிர் காலம்னு புக்ல போட்டிருக்கு, அங்க இலை உதிருதாப்பா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உதிர்றதுக்கு இலை வேணாமாம்மா? இங்க மனுசன்தான் கீறான்" என்றார்.

'அப்பா பாய் எடுத்துட்டாரு' என்பதுதான் எங்கள் வீட்டில் அந்தப் பருவத்துக்குப் பெயர். வருடத்தில் அப்போதுதான் நாங்கள் குடும்பமாக இருந்தோம். போனைச் சொம்பில் சாய்த்து வைப்போம். அவர் குபூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்துத் தின்பார், நாங்கள் இட்லி தின்போம். தம்பியின் மார்க்கிலிருந்து பக்கத்து மனைக்காரர் மண் கொட்டிய தகராறு வரை எல்லாவற்றுக்கும் அங்கிருந்தே தீர்ப்புச் சொல்வார். அதே வாரத்தில் இங்கே மழைக்குப் பயந்து அம்மா மெத்தையையும் அரிசி மூட்டையையும் லாஃப்ட்டில் ஏற்றத் தொடங்குவாள். பெரிய வெள்ளத்தில் தன் கட்டில் மிதந்ததைப் பார்த்தவள் அவள். "உங்களுக்கின்னா, ஜம்முனு காத்து வாங்கிகினு கீறீங்க" என்று போனைப் பார்த்து முறைப்பாள்.

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட வேண்டும் என்பது அப்பாவுக்கு வெறியாகவே இருந்தது. ரோடு போடும்போதெல்லாம் தெரு உயர்ந்து, எங்கள் வாசல் பள்ளமாகியிருந்தது. ஊர் திரும்ப வேண்டிய வருடத்தில், அதற்காகவே இன்னொரு கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கோடையில் சுவரை அடியில் அறுத்து, வரிசையாக ஜாக்கி கொடுத்து, நெஞ்சளவு உயரத்துக்கு வீட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். தூக்கிப் பார் என்று யாரும் சொல்லிவைக்கவில்லை.

அந்த வருடம் பாய் வெளியே வந்த முதல் வெள்ளிக்கிழமை. காலை வெயில் அப்பாவின் முகத்தில் விழுந்தது. அம்மா கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே போட்டாள்.

"இன்னாங்க, மூஞ்சி இப்டி உப்பிகினு கீது?"

"தூங்கி எழுந்த மூஞ்சி வேற எப்டி இருக்கும்?"

"காலைக் காட்டுங்க."

பேச்சை மாற்றப் பார்த்தார். அம்மா குரலை உயர்த்தாமல் அதையே மறுபடி மறுபடி சொன்னாள். கடைசியில் கேமராவைத் திருப்பினார். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. செருப்பு வார் அழுத்திய இடம் பள்ளமாகவே நின்றது. கோடை முழுக்க அந்த இருட்டறைக்குள் இதை வைத்துக்கொண்டுதான் "நல்லா கீறேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

ஊருக்கு வந்தபோது இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தீர்களா என்று டாக்டர் கேட்டார். "பாட்டில் தண்ணி கொதிக்கும் சார். குடிச்சா பாத்ரூமுக்கு வேற அம்மாந்தூரம் நடக்கணும்" என்றார் அப்பா. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் என்று ஆனது. இனி தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும், நாக்கு வறண்டால் ஒரு ஐஸ்துண்டு. அங்கே பட்ட தாகம் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது.

அவர் வந்த பிறகு அடித்த முதல் பெரிய மழையில் வீடு ஜெயித்தது. தண்ணீர் மேல்படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஆனால் தெருவில் இடுப்பளவு ஓடியது. அன்றைக்கு டயாலிசிஸ் நாள். ஆட்டோக்காரர் வரவில்லை, ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தாண்டவில்லை. காய்ந்த தரையில், காய்ந்த மெத்தையில் உட்கார்ந்து, அப்பா மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுநாள்தான் கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். நாற்காலியோடு அவரைத் தூக்கிப் படகில் வைத்தார்கள். அந்த நிலைமையிலும் வீட்டைத் திரும்பிப் பார்த்து, "நிக்குது பாத்தியா" என்றார். எனக்கு அழுகைதான் வந்தது.

எப்படியோ பிழைத்துக்கொண்டார். இப்போதெல்லாம் ஐப்பசி நெருங்கும்போது கேம்ப்பிலிருந்து அவருடைய பழைய கூட்டாளி பேசுகிறார். "அண்ணே, பாய் எடுத்துட்டேன். நல்லா காத்து" என்கிறார். போனை வைத்ததும் அம்மா துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்குகிறாள். வீட்டைப் பூட்டிவிட்டுத் தாம்பரத்தில், டயாலிசிஸ் சென்டருக்குப் பக்கத்தில், மாடியில் ஒரு வாடகை அறைக்குப் போய்விடுகிறோம். மழைக்காலம் முடியும்வரை அங்கேதான் சமையல், தூக்கம், சண்டை எல்லாம்.

போன மழையில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டை வீடியோ எடுத்து அனுப்பினார். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தபோது அப்பா அதைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் நீட்டினார்.

"நம்ம வூடு சார். ஜாக்கி வெச்சுத் தூக்கினது. சுத்தி அவ்ளோ தண்ணி, உள்ள ஒரு சொட்டு போவல பாருங்க."

"சூப்பர் சார். உள்ள யாரு கீறாங்க?"

அப்பா வீடியோவை நிறுத்தினார். "பூட்டி வெச்சிருக்கோம்" என்று சொல்லிவிட்டு, போனை என்னிடம் கொடுத்து ஐஸ் கேட்டார். அன்றைய அளவு ஏற்கனவே முடிந்திருந்தது. பிளாஸ்கிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.