மணி அடித்ததும் தூக்கிய கத்தி

ஆம்பூர் ஸ்டேஷனில் நின்ற கூட்ஸ் வண்டியில் மூட்டையைக் கிழித்து மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, எடுத்ததற்காக என்னைப் பிடித்தார்கள். அது முதல் தடவை இல்லை என்பதால், பையன்களைத் திருத்துகிற பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஐம்பதுகளின் தொடக்கம் அது. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அம்மா தோல் பதனிடும் இடத்தில் கூலி வேலை செய்தாள்.

பொய் சொல்லக் கூடாது, அந்தப் பள்ளியில் நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். காலையில் எழுத்தும் கணக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு தொழில். நான் தோல் வேலையை எடுத்துக்கொண்டேன். செருப்புக்கு அடித்தோல் வெட்டுவதில் என் கை சுத்தம் என்று வாத்தியாரே சொல்வார். ஆனால் எங்களைப் போன்றவர்கள் கையில் கத்தியைப் பார்த்தாலே அவர்களுக்குப் பயம். அதனால் சாயங்கால மணி அடித்ததும் நாங்கள் அவரவர் இடத்தில் எழுந்து நின்று, கத்தியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். வாத்தியார் எல்லாக் கைகளையும் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் இறக்கலாம். சில நாள் அவர் யாரோடாவது பேசிக்கொண்டே நிற்பார். தோள் கடுத்துப் போகும். ஆனாலும் இறக்க மாட்டோம். கற்ற தொழிலோடு இதுவும் எனக்குள் ஊறிவிட்டது. அது அப்போது எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது மீசை முளைத்திருந்தது. அம்மா வாசலில் நிறுத்தியே சொன்னாள்: "யார் கேட்டாலும் மெட்ராஸ்ல மாமா கடையில தொழில் கத்துக்கினேன்னு சொல்லு. தெருவுல அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன்." இத்தனை வருஷமாக இல்லாத ஒரு மாமாவை அவள் ஒற்றை ஆளாக வளர்த்து வைத்திருந்தாள். அந்த மாமாவைக் காப்பாற்ற வேண்டியது இனி என் பொறுப்பு.

மாதனூர் போகிற ரோட்டில் ஒரு செருப்புப் பட்டறையில் ஆள் எடுத்தார்கள். மேஸ்திரி ஒரு தோலைக் கொடுத்து வெட்டச் சொன்னார். வெட்டியதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கழிவு ரொம்பக் கம்மி. எங்க கத்துக்கின?" என்றார். மெட்ராஸ் மாமாவைச் சொன்னேன். தலையை ஆட்டினார். அன்றைக்குப் பூராவும் வேலை செய்தேன். பக்கத்தில் இருந்தவர் பீடி நீட்டினார், அண்ணன் தம்பி மாதிரி பேசினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மணி அடித்தது. எல்லாரும் கத்தியைப் பலகை மேல் போட்டுவிட்டுக் கை கழுவப் போனார்கள். நான் மட்டும் எழுந்து நின்று கத்தியைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

"இன்னாடா அது? யாருக்குக் காட்டற?" என்று ஒருவர் சிரித்தார். மேஸ்திரி சிரிக்கவில்லை. அந்தப் பள்ளியிலிருந்து வந்த வேறு எவனையோ அவர் முன்பே பார்த்திருக்க வேண்டும். பள்ளியின் பெயரைச் சொல்லி, "அங்கதான?" என்று மட்டும் கேட்டார். என் கை இன்னும் மேலேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எந்த மாமாவைப் பற்றிச் சொல்வது?

வேலையை விட்டு அனுப்பவில்லை. "கை நல்லாத்தான் இருக்கு, இரு. ஆனா தினம் போறப்ப நீ மட்டும் எனக்குக் கத்தியக் காட்டிட்டுப் போ. எனக்குப் பேஜார் வேணாம்" என்றார். விஷயம் எனக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. அம்மா என்னைத் திட்டவில்லை. குழாயடிக்குப் போவதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அதற்குத் திட்டியே இருக்கலாம்.

தினமும் காட்டினேன். பீடி நீட்டியவர் அதன் பிறகு நீட்டவில்லை. ஒருநாள் ஒரு கத்தி காணாமல் போனது. என்னுடையதை அப்போதுதான் எல்லார் கண் முன்னாலும் காட்டியிருந்தேன். இருந்தாலும் என்னைத்தான் நிறுத்தினார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், வேட்டியை உதறச் சொன்னார்கள். உதறினேன். கடைசியில் பீடிக்காரரின் காலடியில், வெட்டுத்துண்டுக் குவியலுக்குள் அந்தக் கத்தி கிடைத்தது. "மறந்துட்டேன்பா" என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

எல்லாரும் போன பிறகு மேஸ்திரி என் பக்கத்தில் வந்து காதோடு காதாகச் சொன்னார்: "நாளையிலருந்து நீ காட்ட வேணாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேட்டியை உதறச் சொன்னது ஊர் கேட்க, இது மட்டும் ரகசியமா?

மறுநாள் மணி அடித்தது. நான் எழுந்து நின்று கத்தியைத் தூக்கினேன். மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இறக்கவில்லை. கை கழுவப் போனவர்கள் திரும்பி வந்து பார்த்தார்கள். பீடிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. தோள் கடுத்தது, அது எனக்குப் பழகியதுதான்.

"வேணாம்னு சொன்னேனேப்பா," என்றார் மேஸ்திரி.

"எல்லாருக்கும் கேக்கறாப்பல சரின்னு சொல்லுங்க, இறக்கறேன்."

அவர் எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு உரக்கச் சொன்னார்: "சரி."

கத்தியைப் பலகை மேல் போட்டுவிட்டு, மற்றவர்களோடு வரிசையில் நின்று கை கழுவினேன்.