தருமண்ணையிடம் இருந்த திறப்புகள்

சென்ற வெள்ளிக்கிழமை காலை குகன் சரவணையிலுள்ள என் வீட்டுப் படலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார். "அக்கா, அண்ணை மோசம் போயிட்டார்" என்று சாவு சொன்னார். கதிரையைக் காட்டினேன்; அவர் உட்காரவில்லை.

புங்குடுதீவில் தருமண்ணை என்ற தருமலிங்கம் அவர்களை அறியாதவர் குறைவு. அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவரும் தம்பி குகனும் தெற்கே ஒரு சிறு பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊர் வந்து சேர்ந்தார்கள். சரக்குக் கடனாகக் கொடுத்தவர்களின் கடிதங்களும் பின்னாலேயே வந்தன.

கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போனவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பைத் தருமண்ணையிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். வெள்ளிதோறும் அவர் முற்றம் கூட்டி, சாமியறையில் விளக்கேற்றி, பூட்டிவிட்டு வருவார். சரவணையில் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அருகே குடிபோனபோது ஊரிலிருந்த எங்கள் வீட்டுத் திறப்பையும் கொடுத்தேன். அம்மாவின் தங்க அட்டியல் அலுமாரியில் இருப்பதையும் சொன்னேன்.

குகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜென்சிக்காரர் முற்பணம் கேட்ட சமயம் அது. ஒரு சனிக்கிழமை நான் போனபோது வீட்டுப் பூட்டு உடைந்திருந்தது. அட்டியல் இல்லை. ஆனால் முற்றத்தில் விளக்குமாறு இழுத்த கோடுகள் இருந்தன. சாமியறை விளக்கில் புதுத் திரி. படத்தில் பாதி வாடிய செவ்வரத்தம்பூ.

நேரே தருமண்ணையிடம் நடந்தேன்.

"அண்ணை, கள்ளன் வந்திருக்கிறான். விளக்கும் ஏத்திப்போட்டுப் போயிருக்கிறான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நேற்று வெள்ளியெல்லே, பிள்ளை. கள்ளன் வந்த மாதிரிப் பூட்டை உடைச்சாப் பிறகுதான் ஞாபகம் வந்தது. விளக்கு வைக்காமல் வர மனம் வரேல்லை."

உள்ளேயிருந்து குகன் கத்தினார்: "கடையும் சரிவரேல்லை, களவும் சரிவரேல்லை. நீங்கள் ஐயராய்ப் பிறந்திருக்கலாம், அண்ணை!"

தருமண்ணை சிரித்தார். பிறகு அழுதார். அரிசிப் பானைக்குள்ளிருந்து அட்டியலை எடுத்துத் தந்தார். "எல்லாத் திறப்பையும் கொண்டுபோம். ஊருக்கும் சொல்லும்" என்றார்.

நான் சொல்லவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திறப்பைக் கொடுக்க ஊரில் வேறு ஆள் இருக்கவில்லை. புதுப் பூட்டு வாங்கி, அதன் திறப்பையும் அவரிடமே கொடுத்தேன். அட்டியலை மட்டும் கையோடு கொண்டுவந்துவிட்டேன்.

குகன் வெளிநாடு போகவில்லை. சகோதரர் இருவரும் மிளகாய், புகையிலைத் தோட்டம் செய்து, வருடக்கணக்கில் கடனை இறுத்தார்கள். எங்கள் வீட்டுக்குப் போகும்போது மட்டும் தருமண்ணை தம்பியையும் கூட்டிப்போய் வாசலில் நிறுத்துவாராம். ஏன் என்று கேட்டால், "சாட்சிக்கு. என்னை எனக்கு நம்பேலாது" என்பாராம்.

இதையெல்லாம் எழுதலாமா என்று குகனைக் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா. அண்ணைக்கு அது கடைசிவரை பாரமாய்க் கிடந்தது" என்றார்.

செய்தி வந்த அன்று பின்னேரமே தகனம். பாடையைத் தூக்குமுன் குகன் ஒன்பது வீட்டுத் திறப்புக் கோர்வையை என் கையில் வைத்தார். "எனக்குச் செத்தவீட்டுத் துடக்கு, விளக்குத் தொடேலாது. இண்டைக்கு வெள்ளி, அக்கா."

ஆண்கள் சுடலைக்குப் போனார்கள். நான் கிணற்றடியில் முழுகிவிட்டு ஒன்பது வீடுகளுக்கும் நடந்தேன். விளக்கில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை, ஆனாலும் ஏற்றினேன். கடைசியாக எங்கள் வீடு. உள்ளே போகுமுன் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். சாட்சிக்கு ஒருவரும் இல்லை.

ஒன்பதும் பூட்டியாயிற்று, அண்ணை. ஆறுதலாகப் போங்கோ.