ஒரே அட்டையில் இரண்டு குடல்வால்

தமிழ்மதி அவிநாசியிலிருந்து தினமும் பஸ் ஏறி, திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் மேசைக்கு வருவாள். டாக்டர் எழுதிய கேஸ் ஷீட்டும் அவள் அனுப்பும் பாரமும் பொருந்த வேண்டும். நோய்க்கு ஓர் எண், அறுவைக்கு ஓர் எண். ஒன்று பிசகினாலும் பாரம் திரும்பி வரும். மேனேஜர் பிரபாகர் அதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிப்பார். மூன்று வருடமாக அந்தப் பயத்தோடுதான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

2007 ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஃபைல் வந்தது. மயிலாத்தாள், வயது முப்பத்தொன்று, பனியன் கம்பெனியில் தையல் வேலை. குடல்வால் வீக்கம், பதினொரு மணிக்கு ஆபரேஷன். கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் அட்டையின் எண்ணைக் கம்ப்யூட்டரில் அடித்தாள். இதே அட்டைக்கு, இதே ஆஸ்பத்திரியில், இரண்டு வருடத்துக்கு முன்பே குடல்வால் எடுத்தாகிவிட்டது என்று காட்டியது.

மறுபடி அடித்தாள். அதேதான். மணி பத்தரை. ஃபைலை எடுத்துக்கொண்டு வார்டுக்கு ஓடினாள்.

கட்டிலில் ஒருத்தி முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தாள். துணைக்கு இன்னொருத்தி நின்றாள்.

“மயிலாத்தா?”

“ஏனுங்க?” என்று திரும்பியது கட்டிலில் கிடந்தவள் அல்ல, துணைக்கு நின்றவள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அப்ப இது ஆருங்கக்கா?” தமிழ்மதி கட்டிலைக் காட்டினாள்.

“மெதுவாப் பேசு அம்மிணி. ராக்கம்மா, சாத்தூர்க்காரி. எங்கூடத் தைக்கறா. உருப்படிக் கணக்குல கூலி வாங்கற பீஸ் ரேட்டு ஆளுக்கு ஆரு அட்டை குடுப்பாங்க? வலியில துடிச்சா, என்ற அட்டையக் குடுத்துப்போட்டேன்.”

“டாக்டர் கேட்டதுக்கு ஆரு பதில் சொன்னது?”

“நாந்தானுங்க. இவ வாயத் தொறந்தா தெக்கத்திப் பேச்சு காட்டிக் குடுத்துரும். ஊமையாட்டம் கெடடீன்னுட்டேன்.”

தமிழ்மதி கேஸ் ஷீட்டைப் பார்த்தாள். வயது, பிரசவம், எல்லாம் மயிலாத்தாளுடையவை. ‘மருந்து ஒவ்வாமை இல்லை’ என்றிருந்தது. அதற்குக் கீழே ஆபரேஷனுக்கு முன் போடவேண்டிய ஊசி: பென்சிலின்.

கட்டிலருகே குனிந்தாள். “உனக்கு ஏதாச்சும் ஊசி ஒத்துக்காமப் போயிருக்கா?”

“பென்சிலினு ஆகாதுக்கா. சின்னதுல ஒருக்க மூச்சு நின்னு, பொழைக்க மாட்டான்னு தூக்கிட்டு வந்துட்டாக.”

“அடி பாவி, எங்கிட்டச் சொல்லலியே!” என்றாள் மயிலாத்தாள்.

“நீதான பேசாதன்ன!”

நர்ஸ் தட்டோடு வந்துவிட்டாள். சிரிஞ்சில் மருந்து ஏறியிருந்தது. சொன்னால் மயிலாத்தாளின் வேலை போகும், தன் வேலையும் போகலாம் என்று தமிழ்மதி கணக்குப் போட்டாள். நர்ஸ் ராக்கம்மாளின் கையைத் தூக்கியபோதுதான் குரல் வந்தது.

“போடாதீங்க சிஸ்டர்! இது மயிலாத்தா இல்லீங்க.”

டாக்டர் வந்தார், திட்டினார், புதிய கேஸ் ஷீட் எழுதினார். ராக்கம்மாள் தன் சொந்தப் பெயரில், வேறு மருந்தோடு தியேட்டருக்குள் போனாள். மயிலாத்தாள் வெளியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பிரபாகர் கத்தவில்லை. “இது தெரிஞ்சுது. இதுக்கு முன்னாடி இப்படி அடுத்தவங்க அட்டையில எத்தனை மயிலாத்தா போச்சோ? எல்லாத்துலயும் உன் கையெழுத்துத்தானம்மா?”

தமிழ்மதி அலமாரியைத் திறந்தாள். மூன்று வருடத்து ஃபைல்கள். முதல் கட்டு இறுகிக் கிடந்தது. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.