காந்தத்தில் ஒட்டிய காய்ச்சல்

தேயிலை விலை விழுந்து கிடந்த வருஷங்களில் நான் குன்னூரில் ஒரு காய்ச்சல் ஆராய்ச்சித் திட்டத்தில் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். கீழ் கோத்தகிரிச் சரிவில் பல தோட்டங்களில் கவாத்து நின்றுபோய், இடுப்பளவில் நிறுத்தி வைத்திருந்த செடிகள் ஆள் உயரத்தைத் தாண்டி மரமாகிக்கொண்டிருந்தன. அடியில் ஒரே புதர். அந்தப் புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்தால், கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுப்புப் பொருக்கு வரும். பின்னாலேயே காய்ச்சல். அது அந்தக் காய்ச்சல்தானா என்று ரத்தத்தில் உறுதி செய்வது எங்கள் வேலை.

அதற்கு நாங்கள் பயன்படுத்தியது காந்தத் துகள்கள். மாவைவிட நைசானவை, காப்பித்தூள் நிறம். ரத்தத்தைக் கரைத்து இவற்றைக் கலந்தால் அதிலிருக்கும் மரபணு இழைகள், மனிதனுடையவையும் கிருமியுடையவையும், துகள்மேல் ஒட்டிக்கொள்ளும். குழாயைக் காந்தச் சட்டத்தில் நிறுத்தியதும் அந்தப் பழுப்பு முழுக்க மெல்ல ஒரு பக்கம் நகர்ந்து சுவரில் பட்டையாகப் படியும். மிச்சத்தைக் கொட்டிக் கழுவி, ஒட்டியதை மட்டும் பிரித்து அடுத்த மெஷினில் வைப்போம். யாரும் தொடாமல் அது நகர்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பிடரி கூசும்.

ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரியின் வாட்ச்மேனுக்குக் காய்ச்சல் என்று தகவல் வந்தது. எங்கள் திட்டத்தின் டாக்டரம்மாவும் நானும் போனோம். ஜீப் போகும் பாதையைச் செடி மூடியிருந்ததால் கடைசிக் கொஞ்ச தூரம் கைகளால் விலக்கிக்கொண்டே நடந்தோம். மேல்மாடியில், இலை வாட்டும் காலித் தொட்டிகளுக்கு நடுவில் சாக்கை விரித்து அவர் படுத்திருந்தார். முன்பு அங்கேயே, வாடிய இலையை உருட்டிக் கசக்கும் ரோலர் மெஷின் ஓட்டியவர். சிலோனிலிருந்து வந்த குடும்பம். நர்ஸானாலும் லேப்காரியானாலும் அவருக்கு எல்லாரும் மிஸ்ஸிதான்.

"மெதுவா பேசுங்க மிஸ்ஸி. கீழ ரோலர் ஓடுது, கேக்கலியா?"

கரண்ட்டை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தது. "ஓடலீங்க அண்ணா. எல்லாம் மூடித்தானுங்க கெடக்குது" என்றேன்.

"மூணாம் நம்பரு. பேரிங் போயிருச்சு. கடகடங்குது பாருங்க."

டாக்டரம்மா அவர் அக்குளில் பொருக்கைக் கண்டுபிடித்தார். நான் ரத்தம் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றார். "நான் வந்துட்டா மிஷின யாரு நிப்பாட்டுறது?" கடைசியில் நாங்கள் இருவரும் கைத்தாங்கலாக இறக்கினோம். கீழ்த்தளத்தைக் கடக்கும்போது ரோலர்கள் தார்ப்பாய்க்குள் அசையாமல் நின்றன. அவர் அந்த மூன்றாவதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் ரத்தத்தில் கிருமி இருந்தது. மாத்திரைக்கு இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது.

பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, துணி மடித்துக்கொண்டிருந்த எனக்குத் தலை பிளந்தது. குளிர் நடுக்கம். பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுகிறது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அங்கே பூட்டு. காதைப் பொத்தினேன். சத்தம் குறையவில்லை. கடகடவென்று, சுற்றுக்கு ஒருமுறை ஒரு இடத்தில் தட்டியது. முழங்காலுக்குப் பின்னால் தடவினேன். பொருக்கு விரலில் பட்டது.

லேபுக்குப் போனேன். டாக்டரம்மா ரத்தம் எடுத்த கையோடு மாத்திரையைக் கொடுத்தார். "படுத்துக்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். நான் கேட்கவில்லை. நாற்காலியில் போர்வையோடு உட்கார்ந்து, என் ரத்தம் இருந்த குழாயை அவர் காந்தத்தில் நிறுத்துவதைப் பார்த்தேன். பழுப்பு கிளம்பிச் சுவரை நோக்கிப் போனது. எனக்குள் இருந்து வந்த ஒன்று என்னைக் கேட்காமல் போகிறது என்று தோன்றி, அழுகை வந்துவிட்டது. மறுநாள் முடிவு வந்தது. அதே காய்ச்சல்தான்.

"இந்தக் காய்ச்சல் காதைத் தாக்கும்மா. சத்தம் கேக்கறது சகஜம்" என்றார் டாக்டரம்மா. மூன்றாம் நாள் சத்தம் நின்றது.

உடம்பு தேறியதும் வாட்ச்மேனைப் பார்க்கப் போனேன். மனைவி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்ததால் அவரும் அங்கேயே கிளம்பிக்கொண்டிருந்தார். எனக்குக் காய்ச்சல் வந்ததை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்.

"ஒங்களுக்கும் மூணாம் நம்பர்தானா மிஸ்ஸி?"

"ஆமாங்க" என்றேன். அவர் முடிச்சை இறுக்கினார்.

அதற்கப்புறம் ரத்தம் எடுக்கும்போது, படிவத்தில் இல்லாத ஒன்றை எல்லாரிடமும் கேட்க ஆரம்பித்தேன். ஏதாச்சும் சத்தம் கேக்குதுங்களா? பெரும்பாலும் இல்லை என்பார்கள். கொழுந்து பறிக்கும் ஒரு பெண் மட்டும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட யாருங்க சொன்னது?"

அதை எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை.