கெலிஓயாவின் பிரபல பேக்கரி ஒன்று

யோகராஜிடம் இரண்டு பைகள் உண்டு. கறுப்புப் பை செய்திக்கு, நீலப் பை விளம்பரத்துக்கு. இரண்டையும் ஒரே நாளில் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கடையை விட்டு இறங்கியதைக் கெலிஓயாவில் யாரும் பார்த்ததில்லை. நீலப் பை நாட்களில் சட்டைப் பையில் பேனாகூட வைக்கமாட்டார். பேனாவோடு போய் விளம்பரம் கேட்டால், கொடுக்காவிட்டால் எழுதிவிடுவான் என்று எதிரே இருப்பவன் நினைப்பானாம்.

கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். ஓ.எல். பரீட்சை வரை படித்துவிட்டுக் கெலிஓயாவில் போட்டோகொப்பிக் கடை போட்டார். கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பிரதேச நிருபர். செய்தி எழுத யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. பழைய பத்திரிகைகளை வெட்டி ஒட்டி வைத்து, எந்தச் செய்தி எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே சளசளக்கிறது என்று தானே பார்த்துப் பழகினார். பாடசாலைப் பிரதி அதிபர் ஒருவருடைய பெயரின் முதலெழுத்து எஸ்ஸா எம்மா என்று உறுதிப்படாததால் பரிசளிப்பு விழாச் செய்தியை நான்கு நாள் பிடித்து வைத்திருந்தவர். போகிற இடத்தில் பால் சேர்க்காத பிளேன்டீ மட்டும் குடிப்பார். ஒருமுறை கோயில் திருவிழாவில் கொடுத்த குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனார். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. விரித்தால் பாவித்ததாகிவிடும் என்று, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே போனார்.

விளம்பரம் சேர்ப்பது அவருக்குப் பிடித்த வேலையல்ல. ஆனால் சேர்த்த விளம்பரக் கணக்கைப் பார்த்துத்தான் ஒவ்வொரு ஜனவரியும் பத்திரிகை நிருபர் அட்டையைப் புதுப்பித்துத் தரும். அந்த அட்டை இல்லாவிட்டால் அவர் வெறும் போட்டோகொப்பிக்காரர்.

இந்த நிலையில்தான் பூனை வந்தது.

கெலிஓயாவில் ஐந்து பேக்கரிகள். அவற்றில் பெரியது ராஜலிங்கத்தின் பொன்மணி பேக்கரி. காலையும் மாலையும் சங்கீதம் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் பாண் விற்கிற ஆட்டோக்கள் அவருக்கு நான்கு இருந்தன. சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. அங்கே சோதனைக்குப் போனபோது, மா மூட்டைகளின் மேல் பூனை ஒன்று மூன்று குட்டிகளோடு படுத்திருந்தது. மூட்டைக்குப் பின்னால் எலிப்புழுக்கை. எலிக்காகத்தான் பூனை வளர்த்தேன் என்று ராஜலிங்கம் நீதிமன்றத்தில் சொன்னார். அப்படியென்றால் பூனை வேலை செய்யவில்லையே என்றார் நீதவான். நாற்பதாயிரம் ரூபா தண்டம்.

யோகராஜ் கறுப்புப் பையோடு நீதிமன்றத்தில் இருந்தார். தீர்ப்பின் பிரதி எடுத்து, பேக்கரியின் பெயர், உரிமையாளர் பெயர், வழக்கு இலக்கம், குட்டிகளின் எண்ணிக்கை எல்லாம் சரிபார்த்து அனுப்பினார். மறுநாள் பத்திரிகையில் எல்லாம் இருந்தது, பெயரைத் தவிர. 'கெலிஓயாவின் பிரபல பேக்கரி ஒன்றுக்குத் தண்டம்' என்று தலைப்பு.

உடனே கொழும்புக்குப் போன் எடுத்தார். பிரதேசச் செய்திகளைப் பார்க்கிற திவாகரன் யாழ்ப்பாணத்துக்காரர், நிதானமானவர்.

"ஓம் தம்பி, நான்தான் பேரை எடுத்தனான். அந்தாள் பொங்கல் மலருக்கு அரைப்பக்கம் தாறவர்."

"நீதவான் சொன்ன பேருங்க அண்ணே அது."

"சரி, அது நீதிமன்றத்திலயே இருக்கட்டும். பூனை, குட்டி எல்லாம் போட்டிருக்கிறன்தானே."

பெயரை எடுத்தால் ஒருவரும் பாதிக்கப்படமாட்டார்கள் என்பது கொழும்பின் எண்ணம். கெலிஓயாவிலோ, தன்னுடைய பேக்கரி பிரபலம் இல்லை என்று சொல்ல எந்த முதலாளிக்கும் வாய் வரவில்லை. அதனால் ஐந்து பேரும் மாட்டிக்கொண்டார்கள். பாடசாலை ஆசிரியர்கள் பணிஸைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஒருவர் பாண் துண்டிலிருந்து நீளமான முடியொன்றை இழுத்து எல்லோருக்கும் காட்டினார். அது அவருடைய மனைவியின் முடி என்று தெரிந்த பிறகும் அவர் பாணைத் தின்னவில்லை.

முதலில் வந்தவர் இன்னொரு பேக்கரியின் முதலாளி முஹைதீன் ஹாஜியார். "யோகராஜ், நாங்க இல்லன்னு பேப்பர்ல போடணும். எவ்வளவு ஆகும்?" அது செய்தியல்ல, விளம்பரம். யோகராஜ் நீலப் பையை எடுத்தார். மறுநாள் 'செய்தியில் குறிப்பிடப்பட்ட பேக்கரி எம்முடையது அல்ல' என்று பெட்டி கட்டி வந்தது. அதைப் பார்த்த இன்னும் இரண்டு பேர் அதே வாசகத்தை, ஹாஜியாருடையதைவிடச் சற்றுப் பெரிய பெட்டியில் போடச் சொன்னார்கள். விளம்பரப் பிரிவில் வேலை செய்யும் டிலானி போனில் சந்தோஷப்பட்டாள். "யோகராஜ் அண்ணன், உங்க ஊர்ல என்ன நடக்குது? இப்படியே நடக்கட்டும்."

நான்காவதாக ராஜலிங்கமே வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, எனக்குக் கால் பக்கம். கலர்ல."

"அண்ணே, அது உங்க பேக்கரிதானே."

"அதனாலதான் கலர்ல கேக்குறேன்."

"பொய்யை என் கையால அனுப்பமாட்டேன்."

"என்ன பொய்? மூணு குட்டியையும் தாயையும் மச்சான் வீட்டுக்கு அனுப்பிட்டேன். 'எமது பேக்கரியில் பூனை இல்லை'ன்னு போடு. வந்து வேணும்னா தேடிப் பாரு."

யோகராஜ் நீலப் பையைத் திறக்கவில்லை. ராஜலிங்கம் கோபிக்கவும் இல்லை. பாங்க் வழியாகப் பணத்தைக் கட்டி, நேரே கொழும்புக்கு அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வெள்ளைத் தொப்பி போட்டு, கையில் கேக்கோடு, கால் பக்கத்துக்குச் சிரித்தார். கீழே பெரிய எழுத்தில்: 'எமது பேக்கரியில் பூனை இல்லை.'

திங்கட்கிழமை மஸீனா வந்தார். கணவர் மௌத்தான பிறகு அடுப்பைத் தனியாக நடத்துகிறவர், ஊர் முழுக்க அவரை ராத்தா, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடும். அவருடைய பேக்கரிக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. தினமும் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைக்கு இருநூறு மாலு பணிஸ் போடுவார். மீனும் கிழங்கும் வைத்த முக்கோண பணிஸ். அதுதான் அவருடைய வியாபாரமே.

"தம்பி, அஞ்சு பேக்கரில நாலு பேரு நாங்க இல்லன்னுட்டாங்க. மிச்சம் எத்தன?"

"ஒன்று," என்றார் யோகராஜ். கணக்கு என்று வந்தால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"அந்த ஒன்னு நான். இன்னைக்கு அதிபர் பணிஸ் வேணாம்னுட்டார். பலகையே இல்லாத என்ட கடை ஒங்கட பேப்பரால பிரபலமாயிட்டு."

"நீங்க இல்லைன்னு எனக்குத் தெரியும் ராத்தா."

"ஒங்களுக்குத் தெரிஞ்சு என்ன? நீங்க இருநூறு பணிஸும் தின்னுவீங்களா?"

அவர் தயங்கி, விளம்பரப் படிவத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். மஸீனா கையைக் காட்டி நிறுத்தினார்.

"காசுக்கு எங்க போவேன்? போட்டாலும் என்னாகும்? அஞ்சு பேரும் இல்லன்னாயிடும். அப்ப அந்தப் பூன குட்டி போட்டது எங்க, ஒங்கட போட்டோகொப்பி மெஷின்லயா?"

மஸீனா போன பிறகு யோகராஜ் திவாகரனை அழைத்தார். பெயரோடு ஒரு தொடர் செய்தி போடலாமா என்று கேட்டார்.

"தம்பி, அது பழைய செய்தி. அதோட, இப்ப அவர் கால் பக்கமும் தந்திட்டார்."

அடுத்ததாக டிலானியிடம், அந்தக் கால் பக்க விளம்பரத்தை எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டார். அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "விளம்பரத்துல என்ன எழுதியிருக்குன்னு நாங்க எங்க அண்ணன் பாக்கிறோம்? எத்தனை சொல்லுன்னு எண்ணுவோம். காசு வந்தா சரி."

யோகராஜ் போனை வைத்தார். பிறகு கறுப்புப் பையைத் திறந்து தீர்ப்பின் பிரதியை எடுத்தார். நீலப் பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக இரண்டும் ஒரே மேசையில் கிடந்தன. இது அச்சானால் ஜனவரியில் அட்டை வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதற்காக எழுத்தைக் கோணலாக எழுத முடியாது. நான்கு தடவை எழுதினார், மூன்று சொற்களைக் குறைத்தார், ஒன்றைத் திரும்பச் சேர்த்தார். பணம் கட்டுபவர் என்ற இடத்தில் தன்னுடைய பெயரைப் போட்டார்.

புதன்கிழமை பத்திரிகையில், வாடகைக்கு அறை என்பதற்கும் காணாமல் போன அடையாள அட்டைக்கும் நடுவில் வந்தது:

'கெலிஓயா பேக்கரி ஒன்றுக்குத் தண்டம் என்ற செய்தியில் விடுபட்ட பெயர்: பொன்மணி பேக்கரி, உரிமையாளர் க. ராஜலிங்கம். வழக்கு இலக்கமும் தீர்ப்புப் பிரதியும் என் கடையில் பார்வைக்கு உண்டு. மற்ற நான்கு பேக்கரிகளுக்கும் இதில் தொடர்பில்லை. செய்தியை எழுதிய யோகராஜ்.'

பத்து மணிக்கெல்லாம் கடையில் கூட்டம். தீர்ப்பைப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பிரதி கேட்டார்கள். பக்கம் பத்து ரூபா என்று யோகராஜ் வழக்கமான கட்டணத்தையே வாங்கினார். அதிபரும் ஒன்று வாங்கிப்போனார்.

பதினொரு மணிக்குத் திவாகரன் போன் எடுத்தார். "தம்பி, என்ன வேலை பார்த்திருக்கிறீர்?"

"விளம்பரம் அண்ணே. காசு கட்டியிருக்கேன்."

"விளம்பரத்தில நான் கை வைக்கேலாது," என்றார் திவாகரன். அவர் குரலில் கோபத்தைத் தேடினால், கொஞ்சம் பொறாமைதான் அகப்பட்டது.

மாலையில் ராஜலிங்கம் வந்தார். கத்துவதற்குத்தான் வந்திருக்கவேண்டும். கதிரையில் உட்கார்ந்ததும் சோர்ந்துபோனார்.

"எனக்கு ஒண்ணுதான் விளங்கல. நான் கால் பக்கம் கலர்ல போட்டேன், தொப்பியைப் பத்தித்தான் கேட்டானுங்க. நீ எறும்பு மாதிரி எழுத்துல போட்டே, ஒருத்தன் விடாம வாசிச்சிருக்கான்."

"உங்களோடதுல படம் பெரிசா இருந்துச்சுண்ணே. செய்தி இல்லை."

ஜனவரியில் கொழும்பிலிருந்து தடித்த உறை வந்தது. யோகராஜ் அதைத் திறக்காமல் அரை நாள் வைத்திருந்தார். உள்ளே புதிய அட்டை இருந்தது. அதோடு டிலானி கையெழுத்திட்ட ஒரு பாராட்டுக் கடிதம்: கண்டி மாவட்டத்தில் பூனைச் செய்தி வந்த மாதம் ஒரே ஊரிலிருந்து அதிக விளம்பரம் சேர்த்தவர் அவர்தானாம். தரகுப் பணத்துக்கான காசோலையும் இருந்தது. சேர்த்த விளம்பரங்களின் பட்டியலில் கடைசியாக அவருடைய சொந்த விளம்பரம், அதற்கும் நூற்றுக்குப் பதினைந்து வீதம்.

அன்றைக்கே மஸீனா ஒரு பெட்டி மாலு பணிஸோடு வந்தார். பாடசாலை திரும்பவும் இருநூறு கேட்டிருந்தது.

"பிளேன்டீ மட்டும்தான் குடிப்பீங்கன்னு தெரியும் தம்பி. அது செய்திக்கு. இது விளம்பரத்துக்குத்தானே?"

யோகராஜ் அதைப் பற்றி நேர்மையாக யோசித்தார். கேள்வியில் பிழை காண முடியவில்லை. ஒரு பணிஸை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகும் முன், பழக்க தோஷத்தில், இரண்டாகப் பிய்த்து உள்ளே பார்த்தார்.

"நல்லாப் பாருங்க," என்றார் மஸீனா. "பூன இரிக்கா?"